மலைக்கு மேலே ஒரு வானம், போடியில் ஒரு வானம்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான வானிலைப் பாடம்



நம் ஊரிலிருந்து நாள்தோறும் அதிகாலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் அந்த ஜீப்புகளில் நம் மஹல்லாவின் தாய்மார்களும் சகோதரர்களும் இருக்கிறார்கள். தோட்டத்து வேலை, ஏலக்காய் வியாபாரம், ஜீப் ஓட்டுவது, காய் தரம் பிரிப்பது என்று போடியில் பாதிக் குடும்பங்களின் அடுப்பு மலையை நம்பித்தான் எரிகிறது. ஆனால் மேலே எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யப் போகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இன்றைக்கு ஏறலாமா, இரவு அங்கே தங்கலாமா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் நாம் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைத்தான் நம்புகிறோம்.

நம் வீட்டிலேயே இதற்கு விடை சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் 9 அல்லது 10-ஆம் வகுப்பு படிக்கும் நம் மகனோ மகளோதான். 9-ஆம் வகுப்புச் சமூக அறிவியலில் வளிமண்டலம் பற்றிய பாடம் இருக்கிறது. 10-ஆம் வகுப்பில் இந்தியாவின் காலநிலை பற்றிய பாடம் இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் கம்ப்யூட்டரும் இணையமும் வந்துவிட்டன. பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டும் இருக்கிறது. அவற்றைக் கொண்டு தேர்வுக்காக மட்டுமின்றி வீட்டுக்காகவும் வானிலையைப் படிப்பது எப்படி என்பதை நான்கு பாடங்களாக இங்கே தருகிறோம். ஆசிரியர்கள் வகுப்பில் நடத்தலாம். மாலை நேர வகுப்பிலும் நடத்தலாம். ஒரே ஒரு செல்போன் இருந்தாலும் வீட்டில் பெற்றோரே நடத்தலாம்.

முதல் பாடம்: மேலே சாரல், கீழே காற்று – ஏன்?

ஆனி, ஆடி மாதங்களில் போடிமெட்டில் குடை பிடிக்க முடியாத மழையும் மூடுபனியும் இருக்கும். அதே நேரத்தில் போடியில் வெயில் அடிக்கும், புழுதி பறக்கும், எப்போதாவது மலையிலிருந்து சாரல் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கும் இந்தக் காட்சியில்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

ஸ்மார்ட் போர்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டுங்கள். இன்சாட்-3டிஎஸ் என்ற நம் நாட்டு வானிலைச் செயற்கைக்கோள் 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று அது படமெடுக்கிறது. அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது உயரமான, குளிர்ந்த மேகம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரம் வெண்மையாகவும், மலைக்குக் கிழக்கே தேனி, மதுரைப் பக்கம் வெளுப்புக் குறைந்தும் இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிறகு கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை.

1. கேரளக் கடற்கரையில் காற்றின் வெப்பம் 28 டிகிரி. அது மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேகம் உண்டாகும் வரை ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி குளிரும். 800 மீட்டரில் மேகம் தொடங்கினால் அங்கே வெப்பம் 20 டிகிரி.

2. மேகம் உண்டான பிறகு நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் குளிர்வது பாதியாகக் குறைகிறது. 1,800 மீட்டர் மலை உச்சிக்கு வரும்போது 15 டிகிரி. வழியிலேயே மழை கொட்டித் தீர்கிறது.

3. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று 1,000 மீட்டருக்கு 10 டிகிரி சூடாகும். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,450 மீட்டர் இறங்கினால் 14.5 டிகிரி கூடும். அப்படியானால் போடியில் 29.5 டிகிரி.

மலைக்கு மேற்கே அதே 350 மீட்டர் உயரத்தில் வெப்பம் எவ்வளவு என்று மாணவர்களைக் கேளுங்கள். 24.5 டிகிரி என்று விடை வரும். ஒரே காற்றுதான், ஆனாலும் மலையைத் தாண்டியதும் 5 டிகிரி கூடுதல் சூடு, ஈரமும் குறைவு. இதுதான் மழை மறைவுப் பகுதி. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்து மறந்துபோகும் சொல் நம் ஊர்க் கணக்காகப் போட்டால் மறக்காது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கிலிருந்து வருவதால்தான் அடைமழை கிடைக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

மதரஸாவில் அரபி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஆங்கிலத்தில் மான்சூன் என்று சொல்கிறோமே, அது ‘மவ்ஸிம்’ என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது. பருவம் என்பது அதன் பொருள். காற்று திசை மாறும் பருவத்தைக் கணித்து அரபிக்கடலைக் கடந்த மாலுமிகளின் சொல் போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

இரண்டாம் பாடம்: கையால் அளப்பது

திரையில் பார்ப்பது மட்டும் பாடமாகாது. தானே அளந்தவருக்குத்தான் அடுத்தவர் தரும் அளவின் மதிப்பு தெரியும்.

மழைமானி: நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல்போல் அதன் மேலேயே வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டு, சமமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஸ்கேலால் மில்லிமீட்டர் கோடுகள். மரமும் சுவரும் மறைக்காத மொட்டை மாடியில் சாயாமல் நிறுத்தி வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறியுங்கள். வானிலைத் துறையும் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான மழையைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடையில் மழைநீர்த் தொட்டி ஏன் வேண்டும் என்று வீட்டில் கேட்கும்.

ஈரப்பதம்: இரண்டு தெர்மாமீட்டர் எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறியால் வீசுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் ஈரத்துணி சுற்றியது குளிரும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் காற்று வறண்டிருக்கிறது. குறைவென்றால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பள்ளி ஆய்வகத்தில் உள்ளதைப் பயன்படுத்துங்கள்.

காற்றழுத்தம்: சில செல்போன்களில் அழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கிறது. அதற்கான செயலியைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு மூணாறு போகும்போது மாணவர் போடியில் ஒரு அளவும் போடிமெட்டில் ஒரு அளவும் எடுக்கட்டும். சுமார் 1,000 மீட்டர் ஏற்றத்தில் அழுத்தம் ஏறத்தாழ 100 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பதன் காரணம் அப்போது புரியும்.

மூன்றாம் பாடம்: எச்சரிக்கையைப் படிப்பது

நான்கு பாடங்களில் முதன்மையானது இதுதான். கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் வானிலைத் துறையின் இணையதளத்தைத் திறந்து மாவட்ட வாரியான எச்சரிக்கை வரைபடத்தைக் காட்டுங்கள். நான்கு நிறங்கள் இருக்கும்.

பச்சை – எச்சரிக்கை இல்லை.
மஞ்சள் – கவனித்துக்கொண்டிருங்கள்.
ஆரஞ்சு – தயாராக இருங்கள்.
சிவப்பு – நடவடிக்கை எடுங்கள்.

மழையின் அளவுக்கும் சொற்கள் வகுக்கப்பட்டுள்ளன. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை.

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் குடியிருப்பது தேனி மாவட்டம். பெரும்பாலான ஏலத்தோட்டங்கள் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தமிழ்நாட்டுக்கான முன்னறிவிப்பு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. கேரளத்துக்கானது திருவனந்தபுரம் மையத்திலிருந்து வருகிறது. நம் டிவியில் ஓடும் செய்தி சென்னை மையத்துடையது. தேனிக்குப் பச்சை என்று கேட்டு நிம்மதியாக ஜீப் ஏறும் நாளில், ஒரு மணி நேரப் பயணத்தில் நாம் போய் இறங்கும் இடுக்கிக்குச் சிவப்பாக இருக்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது அபூர்வமானதல்ல. ஆகவே மலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் பிள்ளை பார்க்க வேண்டியது ஒரு மாவட்டம் அல்ல, இரண்டு மாவட்டங்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து, முன்னறிவிப்பின் மொழி. ‘ஓரிரு இடங்களில் கனமழை பெய்யலாம்’ என்று சொல்லி, போடியில் தூறல்கூட விழாவிட்டால், ‘இவர்கள் சொல்வது என்றைக்குப் பலித்தது’ என்று பேசுகிறோம். ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு வரைதான் என்று பொருள். போடியில் பெய்யாதது உத்தமபாளையத்தில் பெய்திருக்கலாம். மாணவர்கள் ஒரு மாதம் நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதட்டும்: முன்னறிவிப்பு என்ன, நம் மழைமானியில் எவ்வளவு, மாவட்டத்தில் வேறெங்கே பெய்தது. மாத முடிவில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று சதவீதம் போட்டால், முன்னறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அவர்களே அறிவார்கள்.

ரேடார் படத்தையும் காட்டலாம். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு இப்போது மழை எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவை காட்டும். ஆனால் மலை மறைப்பதால் நம் பக்கத்துத் தாழ்வான மேகங்கள் முழுமையாகத் தெரியாமல் போகலாம். கருவிக்கும் எல்லை உண்டு என்பதை மாணவர் தெரிந்துகொள்வதும் பாடம்தான்.

வாட்ஸ்அப் செய்திக்கு மூன்று கேள்விகள் போதும். எந்தத் தேதி? எந்த அலுவலகம் சொன்னது? எந்த மாவட்டத்துக்கு? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அதை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிட்டிருப்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கத் தேவையில்லை, செல்போனைக் கையில் எடுக்கும்போது நினைத்தால் போதும்.

நான்காம் பாடம்: நெருப்பு, மண்சரிவு, இடி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் ஊர் மக்கள் பலருக்கு அந்த நாளின் ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் நினைவிருக்கும். அதில் வானிலைப் பாடம் ஒன்று இருக்கிறது. பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும். அதை ஒட்டிய காற்று இலேசாகி மேல்நோக்கி வீசும். இரவில் சரிவு குளிர்ந்து காற்று கீழ்நோக்கி இறங்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்திருக்கும். பகலில் சரிவின் கீழே பற்றிய நெருப்பை அந்தக் காற்று மேலே தள்ளும். மேலே உள்ள புல் நெருப்பின் சூட்டிலேயே முன்கூட்டிக் காய்ந்து சட்டெனப் பற்றும். அதனால்தான் சரிவில் ஏறும் நெருப்பு மனிதன் ஓடும் வேகத்தை மிஞ்சுகிறது. கீழே புகை தெரிந்தால் புல்வெளியில் மேல்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோ உள்ள பக்கம் போக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே இராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் தொடர்மழைக்குப் பிறகு மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. மண்சரிவு ஒரு நாள் மழையால் மட்டும் நேர்வதல்ல. பல நாள் மழையில் மண் ஊறி, தாங்க முடியாத எடையாகி, அதன் மேல் இன்னொரு பெருமழை விழும்போதுதான் பெரும்பாலும் சரிகிறது. ஆகவே மாணவர் நோட்டில் இன்றைய மழையை மட்டும் எழுதாமல், கடந்த ஐந்து நாள் மழையின் கூட்டுத்தொகையையும் ஒரு பத்தியில் எழுத வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது மின்கம்பம், புதிதாகப் பீறிடும் கலங்கல் ஊற்று, ஓடை திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் இரவானாலும் அந்த இடத்தை விட்டு அகல வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

சித்திரை, வைகாசியில் கோடை இடிமழை. மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணுங்கள். இடி கேட்கும் வரை ஆகும் நொடியை 3-ஆல் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று தெரியும். 30 நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் என்று பொருள். ‘தாமினி’ என்ற அரசுச் செயலியும் சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டுகிறது. ஏலச்செடி நிழல் மரங்களின் கீழ்தான் வளர்கிறது. மின்னல் நேரத்தில் அந்த மரத்தடியே ஆபத்து. கட்டடத்துக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் முழுவதும் இரும்புக் கூரை மூடிய வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார வேண்டும். தார்ப்பாய்க் கூரை போட்ட ஜீப் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.

ஏலமலையில் பிறந்த வானிலை அறிஞர்

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அவர்களுக்காக இந்தச் செய்தி. இந்திய வானிலைத் துறையின் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர் ஒரு பெண். அன்னா மணி என்பது அவர் பெயர். 1918 ஆகஸ்ட் 23 அன்று பீர்மேட்டில், ஏலத்தோட்டங்கள் கொண்ட ஒரு குடும்பத்தில் பிறந்தார். கம்பம், குமுளி வழியாக நாம் போய்வரும் அதே பீர்மேடுதான். எட்டு வயதில் வீட்டு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தந்தபோது, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகளைக்கூட நாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் சுமார் 100 கருவிகளுக்கு ஒரே சீரான வரைபடங்களை உருவாக்கி உள்நாட்டு உற்பத்திக்கு வழி செய்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் நாட்டில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளக்கும் பணியை நடத்தினார். ஆண்டிபட்டிப் பக்கம் சுற்றும் காற்றாலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இந்தப் பெயரையும் சொல்லுங்கள். 2001-இல் அவர் காலமானார். தவறான அளவீட்டைவிட அளக்காமலிருப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. பிளாஸ்டிக் பாட்டில் மழைமானிக்கும் அது பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்கள்: பிள்ளை வானிலைப் பக்கத்தைப் பார்ப்பதற்கு நாள்தோறும் பத்து நிமிடம் செல்போனைக் கொடுங்கள். மலைக்குப் போகும் முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, சிவப்பு என்று சொன்னால் மதித்து நடங்கள். ஒரு நாள் கூலி போகும் என்பது சிறிய விஷயம் அல்ல, நாங்கள் அறிவோம். ஆனால் நம் பிள்ளை கணக்குப் போட்டுச் சொன்னதை நாமே தள்ளிவிட்டால் அது அடுத்த முறை சொல்லாது.

ஜீப் ஓட்டும் சகோதரர்கள்: ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் புறப்படும் முன் தோட்டத்தில் பேசி, மேலே சாலை நிலவரம் கேட்ட பிறகே ஆட்களை ஏற்றுங்கள். செல்போனில் முழு சார்ஜும் வண்டியில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும்.

மாணவர்கள்: 10-ஆம் வகுப்பு முடிவதற்குள் ஓராண்டு மழை நோட்டை முடித்துவிடுங்கள். நம் மஹல்லாவின் மழைக் கணக்கு உங்கள் கையெழுத்தில் இருக்கும்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள். ஒன்றில் தேனி, மற்றொன்றில் இடுக்கி. நாள்தோறும் மக்ரிபுக்குப் பிறகு ஒரு மாணவர் வந்து மறுநாளுக்கான நிறத்தை எழுதிவிட்டுப் போவார். பெண்களுக்கு அந்தச் செய்தியை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை மாணவிகள் ஏற்கலாம். தெர்மாமீட்டரோ, பயன்படுத்தாமல் கிடக்கும் நல்ல செல்போனோ தர விரும்புவோர் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கலாம். வரும் ஜூன் மாதம் பருவமழை தொடங்குவதற்குள் பலகை தயாராகிவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.